நாலாம் பாரத்துக்கு நான் உயிரணு நடத்திய லட்சணம்

உயிரணுவை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மதுரையில் கல்லூரியில் படித்தபோது வகுப்பு முழுவதற்குமாக நான்கைந்து மைக்ராஸ்கோப்புகள்தான் இருந்தன. வரிசையில் நின்று என் முறை வந்து கண்ணை வைத்தால், தெரிந்ததெல்லாம் என் இமை முடி. பின்னால் நிற்பவன் முதுகில் குத்துவான். நான் "ஆகா!" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு நகர்ந்து போய், புத்தகத்திலிருந்த படத்தைப் பார்த்து நோட்டில் வரைந்துவிடுவேன். வெங்காயத் தோலின் உயிரணுக்களையும் ஒவ்வொன்றின் நடுவே உட்கருவையும் இவ்வளவு சுத்தமாக வேறு யாரும் வரையவில்லை என்று பேராசிரியர் என் நோட்டை வகுப்பு முழுக்கச் சுற்றுக்கு விட்டார். அந்தப் பாராட்டை நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இப்பேர்ப்பட்ட அறிஞனாகிய நான்தான் யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்களில், கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு சயன்ஸ் வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தது. எங்கள் வீடு அல்லிநகரத்தில். அப்பாவுக்குத் தேனி கடைவீதியில் பலசரக்குக் கடை. அரிசி சாக்கில் விளைகிறது என்று நினைக்கும் அளவுக்கு நான் மோசமில்லை. ஆனால் சாக்குக்கு வருவதற்கு முன்னால் அது என்னென்ன பாடுபடுகிறது என்பதில் எனக்குத் தெளிவு கிடையாது. வயல் என்றால் ரயில் ஜன்னலிலிருந்து பச்சையாகத் தெரிவது. அவ்வளவுதான்.

வேலை ஒரு வருஷத்துக்குத் தற்காலிகம். இன்ஸ்பெக்டர் வருவார், வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார், எழுதுவார். அவர் நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் கோடை விடுமுறையோடு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இதைத் தலைமையாசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார். போடியில் எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் தகப்பனாரும் அதையேதான் சொல்லியிருந்தார். "மாப்பிள்ளைக்கு வேலை நெரந்தரமாகட்டும், பெறகு தாம்பூலம் மாத்திக்கிருவோம்." பெண்ணை ஒரே ஒரு தடவை, அதுவும் பக்கவாட்டில்தான் பார்த்திருந்தேன். அந்த ஒரு பக்கத்துக்காகவே எப்பாடுபட்டாவது நிரந்தரமாகிவிட வேண்டும் என்று துடித்தேன்.

பாடங்களைத் தமிழில் நடத்த வேண்டும் என்று ஏற்பாடாகியிருந்த புதிது. நான் படித்ததோ முழுக்க இங்கிலீஷில். உயிரணு என்றது ஒரு புத்தகம், கண்ணறை என்றது இன்னொன்று, செல் என்றே எழுதிவிட்டுத் தப்பித்துக்கொண்டது மூன்றாவது. புரோட்டோபிளாசத்துக்கு யாரோ ஒரு பண்டிதர் சூட்டியிருந்த பெயரை எழுத ஆரம்பித்தால் கரும்பலகை போதாது. பள்ளியில் மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தது. ஆனால் அது தலைமையாசிரியர் அறையில், கண்ணாடி பீரோவுக்குள், மஞ்சள் துணி போர்த்தி, சாமி மாதிரி இருந்தது. அதை வெளியே எடுக்கும்படி நானும் கேட்கவில்லை. எடுத்தால் என் இமை முடியைத்தான் பையன்களுக்குக் காட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே உவமைகளில் இறங்கினேன்.

முதலில் எங்கள் கடையை எடுத்துக்கொண்டேன். உயிரணு ஒரு பலசரக்குக் கடை. அதன் சுவர் கடையின் சுவர். உள்ளே இருக்கும் புரோட்டோபிளாசம்தான் சரக்கு. நடுவில் உட்கார்ந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கும் உட்கரு எங்கள் அப்பா. ஒரு பையன் எழுந்து, உட்கரு மத்தியானம் சாப்பிடப் போனால் உயிரணுவைப் பூட்டிவிடுவார்களா சார் என்று கேட்டான். அன்றோடு கடையை மூடிவிட்டேன்.

அடுத்து, திடமுமில்லாமல் திரவமுமில்லாமல் இருக்கும் புரோட்டோபிளாசத்துக்குக் கேப்பைக் கூழைச் சொன்னேன். உவமை என்னவோ நல்ல உவமைதான். ஆனால் அது சாப்பாட்டு மணிக்கு முந்தைய வகுப்பு. அரிசி கிடைக்காமல் ஊரே அல்லாடிய காலம். கூழ் என்ற சொல் என் வாயிலிருந்து விழுந்ததும் வகுப்பிலிருந்த வயிறுகள் எல்லாம் சத்தம் போட்டன. அதில் என் வயிறும் ஒன்று. மணி அடிக்கும்வரை யாருக்கும் வேறு எதுவும் காதில் ஏறவில்லை.

இரண்டு தோல்விகளுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து யோசித்து, ஒரு பெரிய உவமையைக் கட்டி எழுப்பினேன். உயிரணு ஒரு கிராமம். உயிரணுச் சுவர் ஊரைச் சுற்றியிருக்கும் கள்ளி வேலி. புரோட்டோபிளாசம் உழுது சேறாக்கிய வயல். நடுவில் நீர் நிறைந்து கிடக்கும் வேக்குவோல் என்ற பை ஊர்க் கண்மாய். பச்சையம் உள்ள மணிகள் வெயிலையே விறகாக எரித்துச் சமைக்கும் அடுப்புகள். இவை எல்லாவற்றுக்கும் உத்தரவிட்டு, நடுவீட்டில் உட்கார்ந்திருக்கும் உட்கரு யார்? ஊர் நாட்டாமை! அவர் 'திற' என்றால் கண்மாய் மடை திறக்கும். 'மூடு' என்றால் மூடும். இதைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கையை நீட்டி மடக்கி இரண்டு தடவை ஒத்திகையும் பார்த்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை நாலாம் பாரத்தில், இப்போதைய கணக்கில் ஒன்பதாம் வகுப்பில், அரங்கேற்றம். வகுப்பு வாயைப் பிளந்து கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. 'திற' என்று கையை நீட்டியபோது எனக்கே கண்மாய் கண்ணில் தெரிந்தது. அப்போதுதான் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். நாலைந்து மைல் தள்ளி ஒரு கிராமத்திலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்து வருகிறவன். அதிகம் பேச மாட்டான். எழுதினால் எழுத்து குண்டு குண்டாக இருக்கும்.

"சார், நாட்டாமை சொன்னா மடை தொறக்காது சார்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் கையை நீட்டியபடியே நின்றேன்.

"ஏன் திறக்காது?"

"அது நீர்பாய்ச்சி வேலை சார்."

கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுவதற்கென்று ஊர் வைத்திருக்கும் ஆளுக்கு நீர்பாய்ச்சி என்று பெயர். அப்படி ஒருவர் இருப்பதே எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரியும். அதைக் காட்டிக்கொள்ளாமல், "அந்த நீர்பாய்ச்சிக்கு உத்தரவு கொடுக்கிறது யார்? நாட்டாமைதானே?" என்று மடக்கினேன்.

"யாரும் குடுக்க மாட்டாக சார். எங்கய்யாதான் எங்கூரு நீர்பாய்ச்சி. நாட்டாமை வயலுக்கும் மொறை வந்தாத்தான் தண்ணி. மொறை வாரதுக்கு முந்தி அவுக மம்பட்டிய எடுத்து வயலு வாமடையில வச்சாகன்னா, அவுகளும் ஊர்க்கூட்டத்துல நின்னு பதில் சொல்லணும்."

இவன் அவனுடைய தகப்பனாரைக் கொண்டுவந்து என் உட்கருவில் உட்கார வைக்கப் பார்க்கிறான் என்று எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. போன வாரம்தான் என் தகப்பனாரை நான் அங்கே உட்கார வைத்திருந்தேன் என்பது நினைவுக்கு வரவில்லை. "வாத்தியார் நீயா நானா? ஏறுடா பெஞ்சு மேலே" என்றேன். ஏறினான். மணி அடிக்கும்வரை நின்றான். அவன் தலை மேலே இருந்ததால் நான் அண்ணாந்து அண்ணாந்துதான் பாடம் நடத்த வேண்டியிருந்தது. அதற்கும் அவன் மேல்தான் கோபப்பட்டேன்.

மாசி மாதம் இன்ஸ்பெக்டர் வரும் தேதி தெரிந்தது. உயிரணுப் பாடத்தைத்தான் நடத்திக் காட்டுவது என்று முடிவு செய்து, முதல் பெஞ்சில் மூன்று பேரைப் பொறுக்கி எடுத்து, கேள்வியையும் பதிலையும் கிளிப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்லி வைத்தேன். கடைசி பெஞ்சுக்காரனைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்றைக்கு நீ வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன்" என்றேன். "சரிங்க சார்" என்று தலையாட்டினான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். உயரமான மனிதர், கோட்டும் தலைப்பாகையும். பின்னாலேயே தலைமையாசிரியர், கையைக் கட்டிக்கொண்டு. நான் கள்ளி வேலியில் ஆரம்பித்து, சேற்றைத் தாண்டி, கண்மாய்க்கு வந்து, நாட்டாமையை எழுப்பிவிட்டு, ஓரக்கண்ணால் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதல் பெஞ்சைப் பார்த்து, "உட்கரு என்ன செய்கிறது?" என்று கேட்டார்.

"உட்கரு நாட்டாமை மாதிரி நடுவில் இருக்கிறது ஐயா" என்றான் முதலாமவன்.

"இருக்கட்டும். என்ன செய்கிறது?"

"உத்தரவு போடுகிறது ஐயா" என்றான் இரண்டாமவன்.

"என்ன உத்தரவு? நாட்டாமை ஒரு வாரம் வெளியூர் போனால் பயிர் நின்றுவிடுமா? உட்கருவை எடுத்துவிட்டால் உயிரணு செத்துப்போகிறதே, ஏன்?"

மூன்றாமவனுக்கு நான் சொல்லிக் கொடுத்திருந்தது வேறு கேள்விக்கான பதில். அவன் என்னைப் பார்த்தான். நான் தலைமையாசிரியரைப் பார்த்தேன். அவர் உத்தரத்தைப் பார்த்தார். போடிப் பெண்ணின் அந்த ஒரு பக்கமும் என்னைவிட்டுத் திரும்பிக்கொள்வது போல இருந்தது.

அப்போது கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து நின்றான்.

"அது நாட்டாமை இல்லைங்கய்யா. நீர்பாய்ச்சி."

இன்ஸ்பெக்டர், "சொல்லு" என்றார்.

"நாட்டாமை ஊருல இல்லைன்னாலும் பயிரு வெளையுங்கய்யா. நீர்பாய்ச்சி நாலு நாளு படுத்துட்டா அம்புட்டும் காஞ்சிரும். எந்த வயலுக்கு எப்பத் தண்ணி, எம்புட்டு நேரம், எதுக்குப் பெறகு எதுன்னு பூராம் அவுக மண்டைக்குள்ளதான் இருக்கு. எழுதி வைக்கிறதில்ல. நெழல அடி போட்டுப் பாத்தே நேரம் சொல்லுவாக. மத்தவுகளுக்கு அவுகவுக வயலு மட்டுந்தான் தெரியும். அவுகளுக்கு எல்லா வயலும் தெரியும்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "உயிரணு இரண்டாகப் பிரியும்போது உட்கரு முதலில் பிரிகிறது என்று படித்திருப்பாயே. அதற்கு உன் நீர்பாய்ச்சி என்ன சொல்கிறார்?"

எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி எங்கூர்ல புது மடை ஒண்ணு வச்சு, வயக்காட்ட ரெண்டாப் பிரிச்சாகங்கய்யா. பிரிக்கிறதுக்கு முந்தியே புது மடைக்கும் ஒரு நீர்பாய்ச்சி வேணுமில்ல? எங்கய்யா எங்க சித்தப்பாவ ஒரு போகம் பூராம் கூடவே கூட்டிக்கிட்டு அலைஞ்சு, எல்லா மொறையும் மனப்பாடமாச் சொல்லிக் குடுத்தாக. பாதி இல்லைங்கய்யா, அம்புட்டும். பெறகுதான் நடுவுல வரப்புப் போட்டாக. வரப்ப மொதல்ல போட்டுட்டா ஒரு பக்கம் வழி தெரியாமக் காஞ்சு போகுமே."

இன்ஸ்பெக்டர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். அவருக்கும் ஊரில் நிலம் இருந்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பி, இங்கிலீஷில், இது எந்தப் புத்தகத்திலும் இல்லையே, நீங்களே யோசித்துச் சொல்லிக் கொடுத்த உவமையா என்று கேட்டார்.

"எஸ், சார்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. யோசித்திருந்தால் கொஞ்சம் திக்கியாவது இருப்பேன். எண்ணெய் போட்ட கதவு மாதிரி வாய் தானாகத் திறந்து மூடிக்கொண்டது. இன்ஸ்பெக்டர் கேட்டதும் நான் சொன்னதும் கடைசி பெஞ்சு வரை புரிந்திருக்கும். அந்த அளவு இங்கிலீஷை, வாத்தியார் இல்லாத இங்கிலீஷ் வகுப்புகளில், அவர்களுக்கு நானேதான் சொல்லிக் கொடுத்திருந்தேன். பையன் உட்கார்ந்துவிட்டான். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இரண்டு வாரத்தில் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். வாயெல்லாம் பல். அறிக்கை பிரமாதம், வேலை நிரந்தரம்தான் என்று கையைக் குலுக்கினார். அதோடு விட்டிருக்கலாம். "அந்த நீர்பாய்ச்சி உவமையை விவரமாக ஒரு பாடக்குறிப்பாக எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார். மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் கொடுக்கப் போகிறாராம். நாலு பக்கம் போதும்" என்றார்.

நாலு பக்கம். நீர்பாய்ச்சியைப் பற்றி எனக்குத் தெரிந்தது நாலு வரி, அதுவும் அந்தப் பையன் சொன்னது. அவனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது? அன்றைக்குப் பிறகு அவன் வகுப்பில் என்னை எப்போதும் போலத்தான் பார்த்தான். ஒரு முறைப்பு, ஒரு சுளிப்பு இருந்திருந்தாலாவது அதற்காக இன்னொரு தடவை பெஞ்சில் ஏற்றி என் மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். ஒன்றும் இல்லை. ஆகவே ஒரு சனிக்கிழமை காலை வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு அவன் தகப்பனாரையே பார்த்துக் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசைதான். பாடக்குறிப்புக்குச் சரக்குத் தேடித்தான் போனேன்.

வாய்க்கால் கரையில் சைக்கிள் ஓட்டுவது ஒரு தனி வித்தை. அது எனக்கு வராது. இரண்டு தடவை இறங்கி, ஒரு தடவை விழுந்து, வேட்டியில் சேறோடு கண்மாய்க்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டாம் போகத்துக்குக் கடைசித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். மடைக்குக் கீழே முழங்காலளவு தண்ணீரில் ஒருவர் நின்று, மண்ணை வெட்டி ஒரு வாயை அடைத்து இன்னொரு வாயைத் திறந்துகொண்டிருந்தார். பக்கத்தில் மம்பட்டியோடு என் மாணவன். கரையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் குடை பிடித்திருந்தார். நல்ல வெள்ளை வேட்டி, கழுத்தில் ருத்திராட்சம்.

"ஏப்பா, எனக்கு எப்பம்ப்பா?" என்று குடைக்காரர் தண்ணீருக்குள் நின்றவரைக் கேட்டார்.

"நாளைக்கு உச்சி சாயட்டும். இங்கன நின்னு வெயில் காயாதீக, வீட்டுக்குப் போங்க."

"சரிப்பா" என்று குடைக்காரர் தலையை ஆட்டினார். அவர்தான் நாட்டாமை என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். நான் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த அந்த 'திற'வை நினைத்துக்கொண்டேன். நல்லவேளை, கண்ணாடியைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை.

பையன் என்னைக் கண்டதும் தகப்பனார் காதில் ஏதோ சொன்னான். அவர் சட்டென்று மம்பட்டியைப் போட்டுவிட்டு, கையைக் கழுவி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு கரையேறி வந்தார். முட்டி மடங்கவில்லை, ஒரு கையைத் தொடையில் ஊன்றித்தான் ஏறினார்.

"வாங்கய்யா, வாங்க. நீங்கதான அது? பெரிய தொரை வந்தப்ப, இந்த ஒடம்புல உசிரு ஓடுறதே நீர்பாய்ச்சி மாதிரி ஒண்ணு உள்ள ஒக்காந்து நடத்துறதாலதான்னு நீங்க எடுத்துச் சொன்னீகளாமே? எம்மகென் வந்து சொன்னான். அன்னைக்குப் பூராம் எனக்குச் சோறு எறங்கல." கரையில் நின்றவர்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "இவுகதான். நாஞ் சொன்னேன்ல, அந்த வாத்தியாரய்யா இவுகதான்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பையன் வீட்டில் போய், தான் சொன்னதாகச் சொல்லவில்லை. நான் சொன்னதாகச் சொல்லியிருக்கிறான். நாலாம் பாரத்துப் பையன் சொன்னால் அது வீட்டுப் பிள்ளையின் பேச்சு, காலேஜ் படித்த வாத்தியார் இன்ஸ்பெக்டரிடம் சொன்னால் அது வேறு. அவன் தண்ணீருக்குள் நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ளதுதானா அய்யா? நீங்க சொன்னதுதானா?"

கரையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாட்டாமையும் குடையைச் சாய்த்துப் பார்த்தார். "ஆமாம்" என்றேன். இந்தத் தடவை பையனுக்காகத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க இதமாக இருந்தது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார். "என்னமோ சேத்துல கெடக்குற பொழப்புன்னுதான் நெனச்சிருந்தேன் அய்யா. இவனயாச்சும் கரையேத்திருவோம்னுதான் இம்புட்டுத் தூரம் நடக்க விட்டுப் படிக்க வச்சேன். இப்ப எனக்கும் முட்டி விழுந்து போச்சு. நீங்களே இது இம்புட்டுப் பெரிய வேலைன்னு சொன்ன பெறகு இனி என்னத்துக்கு யோசனை? இந்தப் பரிச்சைய எழுதி முடிக்கட்டும். ஆனி பெறந்து மொதப் போகத்துக்குத் தண்ணி தொறந்தா மடைக்கு வந்துரட்டும். ஏலே, சரிதானலே?"

பையன் "சரிய்யா" என்றான். என்னைப் பார்த்துச் சொன்ன அதே "சரிங்க சார்" குரல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லை, இல்லை" என்று கத்திவிட்டேன். "நான் சொல்லவில்லை. உங்கள் மகன்தான் சொன்னான். அம்புட்டும் அவன் சொன்னது. எனக்கு நீர்பாய்ச்சி என்றால் யார் என்றே தெரியாது. அவன் முதலில் சொன்னபோது நான் அவனைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினேன். இன்ஸ்பெக்டர் கேட்டபோது நான் சொன்னதாகப் பொய் சொன்னேன். அவன் மூளைக்கு அவன் காலேஜுக்குப் போகணும். அவனை நிறுத்திவிடாதீர்கள்."

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் இவ்வளவு உண்மை பேசியது அதுதான் முதல் தடவை. நீர்பாய்ச்சி என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார்.

"பெரியவுக பெரியவுகதான்" என்றார்.

நாட்டாமையும் ஆமோதித்தார். "படிச்சவுகல்ல? பெருமைய ஏத்துக்கிர மாட்டாக. தூக்கிச் சின்னப்பய தலையில வைக்கிறாக பாரு. நானும் எத்தனையோ வாத்தியாரப் பாத்திருக்கேன், இம்புட்டு அடக்கம் பாத்ததில்ல."

"இல்லைங்க, அடக்கமெல்லாம் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன்..." சொல்லச் சொல்ல என் அடக்கம் வளர்ந்துகொண்டே போயிற்று. ஒருவர் கும்பிட்டே விட்டார். கடைசியாக நீர்பாய்ச்சி மகன் பக்கம் திரும்பினார். "ஏலே, நீயே சொல்லு. யாருலே சொன்னது?"

நான் பையனைப் பார்த்தேன். சொல்லுடா, சொல்லித் தொலைடா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவன் தகப்பனார் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் இன்னும் ஈரம் இருந்தது.

"சாருதான் சொன்னாக" என்றான்.

நாலு பக்கப் பாடக்குறிப்பை எழுதி அனுப்பினேன். போடியில் தாம்பூலம் மாற்றியாயிற்று. பரீட்சையில் பையனுக்கு விஞ்ஞானத்தில் வகுப்பிலேயே முதல் மார்க் போட்டேன். என் மனச்சாட்சிக்கு அவ்வளவுதான் கை நீண்டது. ஆனி மாதம் பள்ளி திறந்தபோது ஐந்தாம் பாரத்துக்கு நான் வகுப்பாசிரியர். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. தினமும் காலையில் அவன் பெயரைக் கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டு, மற்றப் பெயர்களுக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் கொடுத்தேன். பையன்கள் முதலில் "வரலை சார்" என்றார்கள். பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டார்கள்.

தலைமையாசிரியர் ஒரு நடை போய்ச் சொல்லியிருந்தால் அவன் தகப்பனார் நம்பியிருப்பார். தலைமையாசிரியரிடம் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவரும் நம்பியிருப்பார். நம்பிவிடுவார் என்பதால்தான் சொல்லவில்லை. அவர் அறை வாசல் வரை இரண்டு தடவை போய், சாக்பீஸ் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

தொடர்ந்து வராதவர்களின் பெயரை நீக்கிவிட வேண்டும் என்பது விதி. கெடு முடிந்த அன்று காலை ஆஜர்ப் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, சிவப்பு மையைத் தொட்டு அவன் பெயரை அடித்தேன்.